இரண்டு உருண்டை களி

அத்தியாயம் 14

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது கஷ்டம் என்று எல்லாருக்கும் தெரியும். நிர்மலா எட்டு மாதமாக ஒரு மாமியாரையே கேன்டீனில் மறைத்து வைத்திருந்தாள்.

வாரம் தவறாமல் படித்து வருகிறவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளட்டும். புதிதாக வந்தவர்களுக்கு நான்கு வரி சொல்லிவிடலாம். நிர்மலா ஓசூர் சிப்காட்டில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையின் கேன்டீன் சூப்பர்வைசர். அவள் கணவன் பிரேம்குமார் அதே சாலையில் நான்கு கேட் தள்ளி இன்னொரு கம்பெனியில் மெஷின் ஓட்டுகிறவன். அவனுடைய அம்மா நாராயணம்மா, சூளகிரிப் பக்கத்தில் இருந்த நிலம் கைமாறிப் போனபின் மகன் வீட்டோடு வந்து சேர்ந்தவள். உட்கார்ந்து தின்றால் உடம்பில் ஒட்டாது என்று பிடிவாதம் பிடித்து, ஒரு லேபர் கான்ட்ராக்டர் மூலமாக ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போனாள். போன இடம் மருமகளின் தொழிற்சாலையாகவே அமைந்துவிட்டது. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

முதல் நாள் காலையில், செருப்பை மாட்டும்போதே நிர்மலா சொல்லிவிட்டாள்.

"அத்த, உள்ள நாம ரெண்டு பேரும் ஒரே வூடுன்னு காட்டிக்க வேணாம்."

"ஏம்மா?"

"ஆபீஸ்ல ஒரு மாதிரி பேசுவாங்க. உங்களுக்கு அதெல்லாம் புரியாது."

நாராயணம்மாவுக்கு நன்றாகவே புரிந்தது. கழிவறை தேய்க்கிறவளின் மருமகள் என்று யாரும் நிர்மலாவைப் பார்த்துவிடக் கூடாது. அவ்வளவுதானே. "சரிம்மா" என்றாள். அன்றிலிருந்து கேட்டுக்கு உள்ளே மருமகள் அவளுக்கு 'மேடம்'. ஒரு நாள்கூட வாய் தவறியதில்லை.

மருமகளோ, மாமியாரை வேண்டாம் என்றவள், மாமியாரின் வாயை மட்டும் விடவில்லை. நாராயணம்மா அடுப்படியில் நின்றால் பேச்சுக்குப் பேச்சு ஒரு பழமொழி விழும். உப்புக் குறைந்தால் ஒன்று, உலை பொங்கினால் ஒன்று. நிர்மலா அவற்றைச் சத்தமில்லாமல் செல்போனில் குறித்துக்கொள்வாள். கேன்டீன் வாசலில் அன்றைய சாப்பாட்டுப் பட்டியல் எழுதும் பலகையில், மேலே ஒரு வரி. 'நொறுங்கத் தின்றால் நூறு வயது.' 'அரிசி ஆழாக்கு என்றாலும் அடுப்புக்கட்டி மூன்று வேண்டும்.' 'விருந்தும் மருந்தும் மூன்று நாள்.' தட்டோடு வரிசையில் நிற்பவர்கள் படித்துச் சிரிப்பார்கள், போட்டோ எடுப்பார்கள். ஆயுத பூஜையன்று நிர்மலாவை மேடைக்குக் கூப்பிட்டு ஒரு சுவர்க் கடிகாரம்கூடக் கொடுத்தார்கள்.

"எங்கம்மா பிடிக்கிறீங்க இதையெல்லாம்?" என்று எச்.ஆர். மேனேஜர் சகாயநாதன் அன்று மைக்கிலேயே கேட்டார்.

"புத்தகத்துல படிக்கறது சார்" என்றாள் நிர்மலா.

கூட்டத்தின் கடைசியில் துடைப்பத்தோடு நின்ற நாராயணம்மாவும் கை தட்டினாள். நிர்மலாவைப் பார்த்தால் தெரியும், கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பது ஆண்களுக்கு மட்டும் சொன்ன பழமொழி இல்லை.

இனி இந்த வியாழக்கிழமைக்கு வருவோம்.

காலை ஒன்பது மணிக்குச் சகாயநாதன் கூப்பிட்டனுப்பினார். நல்ல மனிதர். சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர். அதனாலேயே அவர் சொல்வது ஆளை அழுத்தும்.

"நிர்மலா, கேன்டீன் சாப்பாடு கேட்டுக்கு வெளிய போகுதுன்னு செக்யூரிட்டி சொல்றார். கான்ட்ராக்ட் ஆளுங்கள்ல யாரோ. இன்னிக்கு ரெண்டு மணி ஷிஃப்ட் விடும்போது எல்லார் பையையும் பார்க்கச் சொல்லியிருக்கேன்."

"சரிங்க சார்."

"பிடிபட்டா அன்னிக்கே பாஸ் கட். சாப்பாட்டைத் திருடினதா பேர் விழுந்துட்டா அப்புறம் சிப்காட்ல எந்தக் கான்ட்ராக்டரும் சேர்த்துக்க மாட்டான். அதுக்கு முன்னாடி ஒரு எச்சரிக்கை மாதிரி, உங்க போர்டுல உறைக்கிற மாதிரி ஒண்ணு போடுங்களேன். செய்றவங்க படிச்சு வெட்கப்பட்டு நிறுத்திட்டா நல்லதுதானே."

நிர்மலா தேட வேண்டியிருக்கவில்லை. போன வாரம் அடுத்த வீட்டுக்காரர் ஒருவரைப் பற்றிப் பேசும்போது நாராயணம்மா சொன்னது செல்போனில் இருந்தது. சிவப்புப் பேனாவை எடுத்து, வழக்கத்தைவிடப் பெரிதாக எழுதினாள்.

'உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்யாதே.'

எழுதிவிட்டு நான்கடி பின்னால் போய் நின்று பார்த்தாள். எழுத்து அழகாக விழுந்திருந்தது. திருப்தியாக இருந்தது. அந்தத் திருப்தியை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு உடம்பு கூசியது.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்குச் செக்யூரிட்டி பெரியதம்பி கேன்டீனுக்குள் வந்தார். கையில் ஒரு எவர்சில்வர் டப்பா. அவருக்குப் பின்னால் சகாயநாதன். அவருக்கும் பின்னால், முந்தானையை இடுப்பில் செருகியபடி, நாராயணம்மா.

இரண்டாம் ஷிஃப்ட் ஆட்கள் அப்போதுதான் சாப்பாட்டு வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். எண்பது பேராவது இருப்பார்கள்.

என்ன இது, வீட்டில் சோறு இல்லையா, இவருக்கு எதற்கு இந்தப் புத்தி என்று நிர்மலாவுக்குக் கோபம்தான் முந்தி வந்தது. அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது. யாருக்கும் தெரிந்துவிடக் கூடாதே என்ற பயம்.

பெரியதம்பி டப்பாவைத் திறந்து காட்டினார். இரண்டு உருண்டை களி. மேலே அவரைக்கொட்டைக் குழம்பு ஊற்றியிருந்தது.

"இது நம்ம கேன்டீன் சாப்பாடுதானா, பார்த்துச் சொல்லுங்க" என்றார் சகாயநாதன்.

"ஆமா சார்."

"ஏம்மா, சாப்பாடு வெளிய கொண்டு போகக் கூடாதுன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"தெரியுங்க."

"யாருக்குக் கொண்டு போறீங்க?"

நாராயணம்மா நிர்மலாவைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தாள். அது அவளே காலையில் துடைத்த தரை.

"அந்தப் போர்டைப் பாருங்க. உங்களுக்காகத்தான் எழுதியிருக்கு. படிச்சீங்களா?"

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க."

வரிசையில் யாரோ சிரித்தார்கள். சகாயநாதன் திரும்பி முறைத்தார். சிரிப்பு நின்றது. அவர் தவறாக எதுவும் நினைத்துச் செய்யவில்லை. விஷயம் அந்த அம்மாவுக்குப் புரிய வேண்டும், அவ்வளவுதான் அவர் எண்ணம்.

"நிர்மலா, நீங்க படிச்சுக் காட்டுங்க."

நிர்மலா பலகையின் பக்கம் திரும்பினாள். தன் கையெழுத்தே யாரோ எழுதியது போல இருந்தது.

"உண்ட வீட்டுக்கு... இரண்டகம் செய்யாதே."

நாராயணம்மா மெல்ல நிமிர்ந்தாள். தன் வாயில் பிறந்த வார்த்தை தன்னையே தேடி வந்திருப்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. பலகையைப் பார்த்தாள். பிறகுதான் மருமகளைப் பார்த்தாள்.

"நல்ல பழமொழிங்க மேடம்" என்றாள். "எங்க வூட்லயும் சொல்லுவோம்."

திட்டியிருந்தால் தேவலை. 'அடிப்பாவி, இவ என் மருமகதாங்க' என்று எண்பது பேர் முன்னால் கத்தியிருந்தால்கூட நிர்மலா தாங்கியிருப்பாள். அந்த 'மேடம்' அவளைக் கொன்றது.

"இவங்களை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் சகாயநாதன்.

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். எட்டு மாதப் பொய்யை ஒரு வரியில் கழுவியிருக்கலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள்.

"ஹவுஸ்கீப்பிங் அம்மா சார். பேர் தெரியாது."

பேர்கூடத் தெரியாதாம். காலையில் அந்த நாராயணம்மா தலை பின்னிவிட்டுத்தான் அவள் வேலைக்கு வந்திருந்தாள்.

சகாயநாதன் ஒரு தாளை நீட்டினார். அனுமதி இல்லாமல் உணவை வெளியே எடுத்துச் சென்றார், கேன்டீன் சூப்பர்வைசர் நேரில் பார்த்து உறுதி செய்தார் என்று இருந்தது. நாராயணம்மா கைநாட்டு வைத்தாள். பெருவிரல் மையைத் துடைக்கத் துணி கேட்டாள். யாரும் கொடுக்கவில்லை. தன் முந்தானையிலேயே துடைத்துக்கொண்டாள். கைநாட்டுக்குக் கீழே நிர்மலா கையெழுத்துப் போட்டாள். பெரியதம்பி நாராயணம்மாவின் கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி வாங்கிக்கொண்டார்.

அவர்கள் மூவரும் போனபின் டப்பா மட்டும் மேஜைமேல் இருந்தது.

களி கிண்டும் மாஸ்டர் மணி, கர்நாடக எல்லையோரம் தளி ஊர்க்காரர், அடுப்படியிலிருந்து வெளியே வந்தார். துடுப்பு பிடித்துக் காய்ப்பேறிய கையை இடுப்புத் துண்டில் துடைத்துக்கொண்டே டப்பாவைப் பார்த்தார்.

"அது அந்தம்மா பங்குதானே மேடம்."

"என்ன சொல்றீங்க?"

"ஆளுக்கு ரெண்டு உருண்டைதான நாம போடறது. அவங்க பங்கை அவங்க வாங்கிக்கினு கை கழுவற எடத்துக்குப் போவாங்க. அங்க நின்னு டப்பாவுல போட்டுக்குவாங்க. ஒரு மாசத்துக்கு மேல இருக்கும். அதுலேந்து அவங்க இங்க உக்காந்து சாப்பிட்டு நான் பாத்ததே இல்ல. கூட ஒரு உருண்டை கேட்டதும் இல்ல."

"அப்ப அவங்க என்ன சாப்பிடறாங்க?"

"தண்ணி குடிப்பாங்க." மணி அடுப்புப் பக்கம் திரும்பினார். "எங்க ஊர்ல கன்னடத்துல சொல்லுவாங்க, 'ஹிட்டம் திந்தம் பெட்டம் கித்திட்டம்'னு. களி தின்னவன் மலையையே பேத்து வெப்பானாம். இந்தம்மா தின்னாமயே எட்டு மணி நேரம் தேய்க்குது."

"ஏன் மாஸ்டர், இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம்ல?"

"நீங்க கேக்கவே இல்லையே மேடம்."

நியாயம்தான். அவள் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் ஒரு நாளாவது, 'அத்த, மதியம் சாப்பிட்டீங்களா' என்று வீட்டிலாவது கேட்டிருக்கிறாளா என்று யோசித்தாள். ஞாபகம் வரவில்லை. சாப்பாடு போடுவதுதான் அவள் உத்தியோகம். தினமும் ஆயிரத்து நூறு பேர் வயிற்றுக்குப் பொறுப்பு அவள். அவளுக்கு அடக்க முடியாத வெட்கமாக இருந்தது. மணியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு மணி நேரம் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே ஓடினாள்.

சிப்காட் வாசலைத் தாண்டினால் நெடுஞ்சாலை. பஸ் நிறுத்தத்தில் வெயிலுக்கு ஒரு தகரக் கூரை. நாராயணம்மா அதன் கீழே உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஒரு ஆள், கம்பெனி யூனிஃபார்ம் சட்டையில், தலையைக் குனிந்துகொண்டு இருந்தான்.

முதுகைப் பார்த்தே நிர்மலாவுக்குத் தெரிந்துவிட்டது. பிரேம்குமார்.

இந்த நேரத்தில் அவன் மெஷினில் நிற்க வேண்டியவன். காலை ஏழரைக்கு யூனிஃபார்ம் மாட்டிக்கொண்டு கிளம்பியவன். கம்பெனி ஆட்களுக்கு வீட்டிலிருந்து டிபன் கட்டும் பழக்கம் கிடையாது. வேலை நேரச் சாப்பாட்டைக் கேன்டீனே பார்த்துக்கொள்ளும். வேலை இருக்கிறவரைக்கும்.

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம். அவன் உட்கார்ந்திருந்த விதத்திலேயே நிர்மலாவுக்கு முக்கால்வாசி விளங்கிவிட்டது. கூரையின் பின்பக்கமாக வந்து நின்றாள். அவர்கள் கவனிக்கவில்லை.

"இன்னிக்கு ஒண்ணும் கொண்டாரல சாமி" என்றாள் நாராயணம்மா. "களி சீக்கிரமே தீந்து போச்சு. நீ அந்தப் பேக்கரில ஒரு பன்னாவது வாங்கித் தின்னு."

"நீ சாப்ட்டியாம்மா?"

"நான் வயிறு முட்டத் தின்னேன். நம்ம நிர்மலா கேன்டீனாச்சே, பசியோட வுடுவாளா?"

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். அத்தனை பழமொழி சொன்ன நாராயணம்மா இந்த ஒன்றை மட்டும் வீட்டில் சொல்லி நிர்மலா கேட்டதே இல்லை.

"களி தீரலைங்க" என்றாள் நிர்மலா.

இரண்டு பேரும் திரும்பினார்கள். பிரேம்குமார் எழுந்தான். உட்காரலாமா, ஓடலாமா என்று தெரியாதவனாக நின்றான்.

"நிர்மலா, அது வந்து... லைனை மூடிட்டாங்க. அஞ்சு வாரம் ஆச்சு. வேற எடம் கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன். நீ சூப்பர்வைசரா இருக்கும்போது போய் எப்படிச் சொல்றது? வாய் வரல."

"உங்க கதைய அப்புறம் பேசிக்கலாம்." அவள் கையமர்த்தினாள். "களி தீரல. அத்த டப்பாவைப் புடிச்சிட்டாங்க. இவங்களை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. சாட்சிக் கையெழுத்து நான்தான் போட்டேன்."

"என்னா கையெழுத்து?"

"இவங்க பேரே எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

பிரேம்குமார் அம்மாவைப் பார்த்தான். நாராயணம்மா ரோட்டைப் பார்த்தாள்.

"அத வுடுடா. ரூல்ஸ்னா ரூல்ஸ்தான். அவ வேற என்னா பண்ணுவா, அவளுக்கும் வேலை இருக்குதில்ல" என்றாள்.

அப்போதும் அவள் மருமகளின் பக்கம்தான் பேசினாள். நிர்மலாவுக்கு அந்தத் தார் ரோட்டில் அப்படியே விழுந்து அவள் காலைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போல இருந்தது. விழவில்லை. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பார்ப்பார்களே என்று தோன்றியது. அப்படித் தோன்றியதற்காக இன்னொரு முறை வெட்கப்பட்டாள்.

செல்போன் அடித்தது. சகாயநாதன். லாரிச் சத்தத்தில் ஒன்றும் கேட்காததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"நிர்மலா, ஒரு சின்னச் சந்தேகம். அந்த அம்மா ஃபைலைக் கான்ட்ராக்டர் இப்பதான் அனுப்பினார். அவசரத்துக்குக் கூப்பிட வேண்டிய நம்பர்னு ஒண்ணு இருக்கு. அது உங்க நம்பர்."

நிர்மலா நாராயணம்மாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"உறவுமுறைன்னு கேட்டிருக்கிற இடத்துல 'மகள்'னு எழுதியிருக்கு. கேட்குதா நிர்மலா?"

மருமகள் என்றுகூட இல்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று, கான்ட்ராக்டரின் ஆள் கேட்டு எழுதியிருப்பான். நாராயணம்மா அப்படித்தான் சொல்லியிருக்கிறாள்.

நாராயணம்மா வேகமாகக் கையை ஆட்டினாள். வேண்டாம், சொல்லாதே, வேறு ஆள் என்று சொல் என்பதாக. உதட்டை அசைத்து, "நம்பரு மாறிப் போச்சுன்னு சொல்லு" என்றாள் சத்தமில்லாமல்.

"அவங்க பேர் நாராயணம்மா சார்" என்றாள் நிர்மலா. "என் வீட்டுக்காரரோட அம்மா. என்கூடத்தான் இருக்காங்க. அந்தக் களி அவங்களோட பங்கு. போர்டுல இத்தனை நாளா எழுதினதெல்லாம் அவங்க சொன்னதுதான். நான் எந்தப் புத்தகமும் படிக்கல."

"அப்புறம் ஏம்மா தெரியாதுன்னு சொன்னீங்க?"

கேட்டவர் கோபமாகக் கேட்கவில்லை. உண்மையாகவே புரியாமல் கேட்டார். நிர்மலாவுக்குச் சொல்ல ஆயிரம் சமாதானம் இருந்தது. பயந்துவிட்டேன் என்று சொல்லலாம். பதற்றம் என்று சொல்லலாம். இனி ஒரு பொய்யைச் சுமக்க அவளுக்குத் தெம்பில்லை.

"வெட்கமா இருந்துச்சு சார். இவங்களை என் மாமியார்னு சொல்லிக்க எனக்கு வெட்கமா இருந்துச்சு."

சொல்லி முடித்த பிறகுதான் உறைத்தது, யார் காதில் விழக் கூடாதோ அவர் இரண்டடி தள்ளி உட்கார்ந்திருக்கிறார் என்று. எட்டு மாதமாக நாராயணம்மாவுக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் தெரிந்திருப்பது வேறு, மருமகளின் வாயால் கேட்பது வேறு.

"நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு ரெண்டு பேரும் என் ரூமுக்கு வாங்க" என்று சொல்லிவிட்டுச் சகாயநாதன் வைத்துவிட்டார்.

நாராயணம்மா முழங்காலில் கை ஊன்றி எழுந்தாள். முந்தானையை உதறித் தோளில் போட்டாள். ஓரத்தில் பெருவிரல் மை கறுப்பாகப் படிந்திருந்தது.

"அத்த..."

"பொய் சொல்லாம இருந்தியே, அதுவரைக்கும் நல்லது" என்றாள். குரலில் கோபம் இல்லை. வேறு எதுவுமே இல்லை. "பிரேமு, இவ காலையிலேந்து ஒண்ணும் தின்னிருக்க மாட்டா. எதனா வாங்கிக் குடு."

பஸ் ஒன்று வந்து நின்றது. அவள் ஏறினாள். பிரேம்குமார் பின்னாலேயே படியில் கால் வைக்கப் போனான். "நீ அவகூட இரு" என்று அவனைத் தடுத்துவிட்டாள். கண்டக்டர் விசில் கொடுத்தார்.

பஸ் கிளம்பி, லாரிகளுக்கு நடுவே கலந்து போனது. பிறகு பிரேம்குமார்தான் மெதுவாகச் சொன்னான்.

"நிர்மலா, அது சூளகிரி வழியா போற கிருஷ்ணகிரி பஸ்ஸு. நம்ம வூடு அந்தப் பக்கம் இல்லியே."